உங்களுக்குத் தெரியுமா? வீட்டைச் சோதிக்க லைசென்ஸ் இல்லை!

புதுச்சேரியில் பழைய வீடு வாங்குமுன் அதன் உறுதியைப் பார்த்துச் சொல்பவருக்கென்று தனி லைசென்ஸ் கிடையாது; இந்தியாவில் எங்குமே இல்லை. ஆர்க்கிடெக்ட் என்று போர்டு மாட்ட 1972 சட்டப்படி பதிவு வேண்டும். கம்பெனிச் சட்டத்தின் கீழ் சொத்தை மதிப்பிடுபவர் 2017 விதிகளின்படி தேர்வெழுதிப் பதிவு பெறுகிறார். ஆனால் அவர் வேலை விலை சொல்வது, விரிசல் பார்ப்பதல்ல.

ஒருகாலத்தில் இந்த ஊரை ஆண்ட பிரான்சிலோ கதையே வேறு. அங்கே பழைய வீட்டை விற்பவரே, சான்று பெற்ற ஆய்வாளரை வைத்து ஈயப் பெயின்ட், ஆஸ்பெஸ்டாஸ் சோதனை அறிக்கை தர வேண்டும். சில பகுதிகளில் கரையானுக்கும் சேர்த்து.

இங்கே புதுச்சேரியில் கடற்கரைச் சாலையிலுள்ள பழைய நகராட்சிக் கட்டடமான மேரி கட்டடமே 2014 நவம்பர் மழையில் சரிந்து, மறுபடி கட்டி 2021இல் திறக்கப்பட்டது. அதனால் நீங்களே பார்த்துக்கொள்வது நல்லது. வாங்கப்போவது மர உத்திரங்களின் மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை வீடா? உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தைத் தட்டிப் பாருங்கள். உள்ளே பொந்து இருப்பதுபோல் சத்தம் கேட்டால், அட்வான்ஸ் கொடுக்குமுன் என்ஜினியரைக் கூப்பிடுங்கள்.