உப்புக் காற்றில் இரையும் எஸ்.எம்.பி.எஸ்.

மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் சுற்றுச்சுவர் மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளில் பலவற்றுக்கு முகமே தேய்ந்துபோய்விட்டது. 8ஆம் நூற்றாண்டில் ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய கல்லை உப்புக் காற்று அரித்த அரிப்பு அது. தொல்லியல் துறை சவுக்கு வளர்த்துக் காற்றை மறிக்கிறது. கல்லின் மேல் காகிதக் கூழை அப்பி உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கோவளத்திலிருந்து கல்பாக்கம் வரை கடலோரத்துக் கம்ப்யூட்டர்களும் அதே காற்றைத்தான் நாள் முழுக்க இழுக்கின்றன. அவற்றைக் காக்கத்தான் யாரும் இல்லை. கொஞ்ச காலத்தில் பெட்டி இரையத் தொடங்குகிறது.

இரைச்சல் பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கு மின்சாரத்தை மாற்றித் தரும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து வருகிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை அது முதலில் சுமார் 325 வோல்ட் நேர்மின்னோட்டமாக்குகிறது. பிறகு அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சிறு ஃபெரைட் மின்மாற்றி வழியே இறக்கி, 12, 5, 3.3 வோல்ட்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. இந்த வேலையில் கொஞ்சம் மின்சாரம் வெப்பமாக வீணாகும். 80 சதவீதத் திறன் கொண்ட பெட்டி 300 வாட் தர வேண்டுமானால் 375 வாட் இழுக்கும். மிச்சம் 75 வாட்டும் சூடுதான். அதை வெளியேற்றத்தான் விசிறி. 1977இல் வந்த ஆப்பிள் 2 கணினியில் விசிறிச் சத்தமே கூடாது என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். அதற்காக ராட் ஹோல்ட் சூடு குறைந்த ஸ்விட்சிங் மின்வழங்கியை வடிவமைத்தார். சூட்டைக் குறைத்தால் சத்தம் குறையும் என்ற அந்த வழி இன்றும் மாறவில்லை. திறன் 90 சதவீதமானால், அதே 300 வாட்டுக்குச் சூடு 33 வாட்தான். விசிறி மெதுவாகச் சுற்றினால் போதும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கச் செய்தித்தாளைக் குழலாகச் சுருட்டி, ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைப் பின்பக்கக் கம்பி வலைக்கு அருகிலும் வைத்துக் கேளுங்கள். கரகரவென்று, பெட்டி சூடேறும்போது கூடும் சத்தம் விசிறியுடையது. வலை வழியே டார்ச் அடித்தால் இறக்கைகளின் முன் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஈரப்பசையோடு ஒரு படிவு தெரியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியும். தூசு அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். ஓர் இறக்கையில் படிவு கூடினாலும் சமநிலை கெட்டு முழுப் பெட்டியும் அதிரும். சிற்பக்கூடங்களை ஒட்டிய கடைகளில் இன்னொரு தொல்லை, கருங்கல் தூள். அதிலுள்ள குவார்ட்ஸ் சாதாரண எஃகைவிடக் கடினமானது. பேரிங்குக்குள் போனால் அரத்தை வைத்துத் தேய்த்ததுபோல் ஆகிவிடும். செங்கல்பட்டு நகரம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் உப்பு குறைவு, அங்கே ஜி.எஸ்.டி. சாலைத் தூசுதான் அதிகம்.

கீச்சென்ற மெல்லிய ஒலி வேறு வகை. மின்காந்த விசையில் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் இருக்கும் சுருளின் கம்பிகள் நுண்ணிதாக அதிர்வதால் அது எழுகிறது, பொதுவாக ஆபத்தில்லை. கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது மட்டும் உறுமல் வந்தால், பல மலிவான யு.பி.எஸ்.கள் தரும் படிப்படியான அலைவடிவத்தைச் சந்தேகியுங்கள்.

பழுது பார்க்கும்போது ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கலாம். ஆகவே பெட்டியைத் திறக்கும் வேலையை மெக்கானிக்கிடம் விடுங்கள். வெளியிலிருந்து புளோயர் அடிக்கிறவர்கள் இறக்கையை ஒரு குச்சியால் சுழலாமல் நிறுத்திக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் கண்டபடி சுற்றவிட்டால் பேரிங் தேயும்.

விசிறி மட்டும் போயிருந்தால் அதே அளவில், 12 வோல்ட்டில், பால் பேரிங் விசிறி கேட்டு மாட்டச் சொல்லலாம். கெபாசிட்டர் தலை உப்பியிருந்தால் விசிறியை மாற்றுவது வீண் செலவு; முழு எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் மாற்றுவதுதான் சரி. புதியதைக் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். தரையிலிருந்து ஓரடி உயர்த்தி, பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு வையுங்கள்.