எருக் குவியலின் நெடியை மண் பிடிக்கும்

கித்தாப் பால் உறையாமலிருக்க அம்மோனியா சேர்ப்பது ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும். மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் வடியுமே, அதே நெடிதான் கோழி எருவைக் குவித்து மக்க வைக்கும்போதும் கிளம்புகிறது. வெட்டவெளியில் காற்றோடு போய்விடும். நாற்று வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் என்றால் போக வழியில்லை. இலை கருகும், ஆளுக்கு இருமல் பிடிக்கும்.

கூடாரத்துக்குள் யார் எருவை வைப்பார்கள் என்று கேட்பீர்கள். குளிர் நாட்டில் வைத்தார்கள். மக்கும் எரு 60 டிகிரி வரை சூடாகும். அந்தச் சூட்டில் குளிர்காலத்திலும் செடி வளர்க்கலாம் என்று, அமெரிக்காவில் கேப் காட் என்னும் இடத்தில் நியூ அல்கெமி இன்ஸ்டிடியூட் 1983-இல் ஒரு பசுமைக்குடில் கட்டியது. சூடு வந்தது, கூடவே அம்மோனியாவும் வந்தது.

அதற்கு அவர்கள் செய்த வழி எளிது. எருவின் காற்றை விசிறியால் தள்ளி, பாத்திக்கு அடியில் புதைத்த துளைக் குழாய்களில் விட்டார்கள். காற்று மண்ணைத் தாண்டி மேலே வருவதற்குள் அம்மோனியா ஈரத்தில் கரைந்துவிடும். மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட் ஆக்கிவிடும். அது செடிக்குச் சாப்பாடு. மண் காய்ந்தால் கரையாது, சேறானால் காற்று நுழையாது. பிழிந்த துணி மாதிரி ஈரம் வேண்டும். ஒரே தொல்லை, செடி தின்பதைவிட அதிகச் சத்து மண்ணில் சேர்ந்துவிட்டது!

நமக்கு விசிறியும் குழாயும் வேண்டாம். வீட்டுப் பின்னால் குவிக்கும் கோழி எருவில் மரத்தூளோ காய்ந்த இலையோ தாராளமாகக் கலந்து, மேலே ஒரு சாண் பழைய மக்கிய எருவை ஈரமாகப் போர்த்துங்கள். நெடி பெரும்பாலும் அங்கேயே அடங்கும். நெடி போகட்டுமென்று குளோராக்ஸ் மட்டும் ஊற்றாதீர்கள். அம்மோனியாவோடு சேர்ந்து அதைவிடக் கொடிய நச்சுக்காற்று வரும்.

கிளறும்போதுதான் நெடி அதிகம். காற்று வரும் பக்கம் நின்று கிளறுங்கள். பிள்ளைகளும் இழுப்பு உள்ளவர்களும் அன்று பக்கத்தில் வரக்கூடாது. முகத்தில் கட்டும் துணி தூசியைத்தான் தடுக்கும், இந்த நெடியை அல்ல. எட்டு மணி நேர வேலையில் சராசரியாகப் பத்து லட்சம் பங்கு காற்றில் அம்மோனியா 25 பங்கைத் தாண்டக்கூடாது என்பது மலேசியாவின் 2000-ஆம் ஆண்டு விதி. மூக்கை நம்பி அளக்க முடியாது, அது கொஞ்ச நேரத்தில் பழகிப்போகும். "இப்போ நாத்தமே இல்லீங்க" என்பவர் கண்தான் சிவந்திருக்கும்.

கண் எரிந்தால் கசக்காமல் குழாய்த் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவுங்கள். நெஞ்சு அடைத்தாலோ மூச்சு வாங்கினாலோ வெளிக்காற்றுக்கு வந்து, உடனே கிளினிக்குக்குப் போங்கள். ராத்திரியானாலும் சரி.