பரங்கிப்பேட்டையும் அதன் முகத்துவாரமும்

1733 செப்டம்பரில் சுவீடன் நாட்டுக் கப்பல் ஒன்று சிதம்பரத்துக்கு வடகிழக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்துக்கு வெளியே நங்கூரமிட்டது. தங்கள் ராணி உல்ரிகா எலியனோராவின் பெயரை அந்தக் கப்பலுக்குச் சூட்டியிருந்தார்கள். சுவீடன் கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. வந்தவர்கள் கரையிறங்கிப் பண்டகசாலை ஒன்றைத் திறந்தார்கள். அடுத்த மாதமே சென்னையிலிருந்து ஆங்கிலேயரும் புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக்காரரும் ஆளனுப்பி அதைப் பறித்துக்கொண்டார்கள். ஒருவரை ஒருவர் நம்பாத இரண்டு கம்பெனிகள் சேர்ந்து நின்று மூன்றாவது ஆளை விரட்டும் அளவுக்கு அந்தக் கரைக்கு மதிப்பு இருந்தது.

அந்தக் கரைதான் பரங்கிப்பேட்டை. இன்று கடலூர் மாவட்டத்தில் ஒரு பேரூராட்சி. விழுப்புரம் – மயிலாடுதுறை பாதையில் ஒரு சிறு ரயில் நிலையம், பழைய பள்ளிவாசல்களும் தர்காக்களும், வெள்ளாற்றங்கரையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்சார் ஆய்வு மையம், முகத்துவாரத்தை ஒட்டி அன்னங்கோயில் மீன் இறங்குதளம். ஐரோப்பாவின் கடல் வல்லரசுகள் இங்கே வந்து போட்டியிட்டன என்பதை உள்ளூர்க்காரர்கள் சொன்னால்தான் வெளியூர்க்காரர் நம்புவார். ஊரின் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் காரணம் தேடுபவர்கள் பெரும்பாலும் மன்னர்களையும் தளபதிகளையும் பற்றியே பேசுகிறார்கள். முகத்துவாரத்தையும் அதன் மணலையும் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி.

சோழமண்டலக் கரையில் இயற்கையான ஆழ்துறைமுகம் கிடையாது. நேர்க்கோடாக ஓடும் மணற்கரை. அலை உடையும் இடமோ ஆழமற்றது. பெரிய கப்பல் வெளியே நிற்க, சரக்கைப் படகுகள்தாம் கரை சேர்க்க வேண்டும். எனவே எங்கெல்லாம் ஆறு கடலுக்குள் வழி திறந்து வைத்திருந்ததோ அங்கெல்லாம் ஒரு பட்டினம் எழுந்தது. கொள்ளிடம், வெள்ளாறு, கடலூரில் கெடிலமும் பெண்ணையும் என்று வடக்கே போகப் போக ஒவ்வொரு ஆற்றுவாயிலும் இந்தக் கதை உண்டு.

வெள்ளாறு பெரிய ஆறு அல்ல. சேலம் பக்கத்து மலைகளில் பிறக்கும் வசிஷ்ட நதியும் சுவேத நதியும் சேர்ந்து வெள்ளாறாகி, விருத்தாசலத்தைத் தொட்டு வரும் மணிமுத்தாற்றையும் வழியில் வாங்கிக்கொண்டு, சேத்தியாத்தோப்பு, புவனகிரி கடந்து கடலுக்கு வருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளம் புரண்டு வரும். சித்திரையில் மேலேயிருந்து வரும் தண்ணீர் அநேகமாக நின்றுபோகும். கடலோ ஒருநாளும் ஓய்வதில்லை. தென்மேற்குப் பருவ மாதங்களில் தெற்கிலிருந்து சாய்ந்து வரும் அலைகள் கரையோர மணலை வடக்கே நகர்த்துகின்றன. வாடைக்காற்றுக் காலத்தில் அது தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் வடக்கு நோக்கிய நகர்வே மிஞ்சும். கடலோட்டத்தை மீனவர்கள் ‘நீவாடு’ என்பார்கள். எந்த நீவாடு எப்போது என்று பார்த்துத்தான் வலை இறங்கும். மணலும் அலையையும் நீவாட்டையும் நம்பியே நடக்கிறது. ஆறு வலுவிழந்த மாதங்களில் அது முகத்துவாரத்தின் குறுக்கே திட்டாகப் படிகிறது.

அப்படியானால் கோடை முழுவதும் வாய் அடைபடாமல் இருப்பது எப்படி? உள்ளே இருக்கும் உப்பங்கழிகளால்தான். ஒவ்வொரு ஏற்றத்திலும் கடல்நீர் வெள்ளாற்றுக்குள்ளும் அதன் தெற்கே கிள்ளை, பிச்சாவரம் வரை விரியும் கழிகளுக்குள்ளும் புகுகிறது. வற்றத்தில் அவ்வளவும் திரும்பி வெளியேறுகிறது. வெளியேறும் வேகத்தில் வாயில் படிந்த மணலையும் அள்ளிக்கொண்டு போகிறது. இந்தக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆகவே அலை எவ்வளவு உயரம் ஏறுகிறது என்பதைவிட உள்ளே எவ்வளவு பரப்பில் தண்ணீர் பரவ இடம் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். கழி தூர்ந்தால் உள்ளே போகும் தண்ணீர் குறையும், அது குறைந்தால் வெளியேறும் வேகமும் குறையும், வாய் சுருங்கும். பரங்கிப்பேட்டைத் துறைமுகத்தைக் காத்தது அதன் பின்னால் இருந்த சேறும் சதுப்பும்தான். ‘வீண் நிலம்’ என்று வருவாய்க் கணக்கில் எழுதப்பட்டுவந்த நிலம் அது.

16ஆம் நூற்றாண்டின் கடைசியில் செஞ்சி நாயக்கர் ஆட்சிக்கு உட்பட்ட இந்த ஆற்றுவாயில் போர்ச்சுக்கீசியர் குடியேறி ‘போர்ட்டோ நோவோ’ என்று பெயரிட்டார்கள். முகலாய அதிகாரிகள் ‘மஹ்மூத் பந்தர்’ என்று எழுதினார்கள். 1680களில் டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடுத்தடுத்துப் பண்டகசாலை வைத்தார்கள். இவர்கள் எல்லோரும் தேடி வந்தது உள்நாட்டுத் தறிகளின் துணியை. ஐரோப்பியக் கம்பெனிகளுக்கு நிகராகவும் சில நேரம் அவர்களை முந்தியும் இங்கிருந்து மலாக்கா, அச்சே, கெடா துறைகளுக்குக் கப்பல் விட்டவர்கள் மரைக்காயர்கள். அந்தக் கடல் வணிகத்தின் குடும்பத் தொடர்புகள் மலேசியா, சிங்கப்பூர் வழியாக இன்றும் ஊரில் உயிரோடு இருக்கின்றன. இங்கே இருந்த டச்சு உரிமை 1824 ஒப்பந்தத்தின்படி ஆங்கிலேயருக்குக் கைமாறியது.

இடையில் 1781 வந்தது. ஜூன் மாதம் சிதம்பரம் கோயிலுக்குள் இருந்த மைசூர் ஹைதர் அலியின் காவற்படையைத் தாக்கித் தோற்றுப்போன ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட், பரங்கிப்பேட்டைக்குப் பின்வாங்கி முகாமிட்டார். அவரிடம் எட்டாயிரம் பேர் போல இருந்தார்கள். ஹைதரிடம் அதைப்போல் பல மடங்கு. கடலூர் செல்லும் வழியை மறித்து ஹைதர் பீரங்கி மேடைகளை எழுப்பினார். ஜூலை 1 காலை புறப்பட்ட கூட், நேரே முன்னேறியிருந்தால் அந்தப் பீரங்கிகளின் வாயில் விழுந்திருப்பார். அவர் வலப்புறம், கடலை நோக்கித் திரும்பினார். கரைக்கு இணையாக ஓடிய மணல்மேடுகளை மறைப்பாக வைத்து வடக்கே நகர்ந்தார். அந்த மேடுகளுக்கு நடுவே ஹைதரின் ஆட்கள் பீரங்கி கொண்டுவர வெட்டிய வழி ஒன்று காவலின்றிக் கிடந்தது. அதன் வழியே நுழைந்து மைசூர்ப் படையின் பக்கவாட்டைத் தாக்கினார். பின்னாலிருந்த மேடுகளைப் பிடிக்க வந்த குதிரைப்படையை, கரையை ஒட்டி நின்ற சிறு கப்பலின் பீரங்கியும் தடுத்தது. ஹைதர் பின்வாங்கினார். பாடநூல்கள் ‘பரங்கிப்பேட்டைப் போர், 1781’ என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுகின்றன. அந்த மணல்மேடுகளை வரைபடத்தில் காட்டினால் மாணவர்களுக்குப் போரும் புரியும், புவியியலும் புரியும்.

அடுத்த அத்தியாயம் இரும்பு. கம்பெனி உத்தியோகத்தை உதறிவிட்டு வந்த ஜோசையா மார்ஷல் ஹீத், 1830 வாக்கில் இங்கே ஐரோப்பிய முறை உலைகளை நிறுவினார். இந்தியாவில் அப்படி அமைந்த முதல் முயற்சிகளில் ஒன்று அது. தாது சேலத்தில் கிடைத்தது. எரிபொருளுக்குத் தென்னார்க்காட்டுக் காடுகளின் மரக்கரி. பிறகு உலை ஏன் கடற்கரையில்? தாது காவிரி, கொள்ளிடம் வழியே தண்ணீரிலேயே வந்துவிடும்; வார்த்த இரும்பு கப்பலேறிவிடும். மறுபடியும் முகத்துவாரம்தான் இடத்தைத் தீர்மானித்தது. இந்த இரும்பு ஷெஃபீல்டு வரை போனது. வேல்ஸில் 1850இல் திறந்த பிரிட்டானியா பாலத்திலும் இது சேர்ந்ததாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு டன் இரும்புக்குப் பல டன் மரக்கரி வேண்டும். சுற்றுவட்டக் காடு குறையக் குறைய கரி தொலைவிலிருந்து வந்தது, செலவு ஏறியது, கணக்கு ஒத்துவரவில்லை. 1860களில் உலைகள் அணைந்தன. அதற்கு முன்பே இங்கிலாந்து திரும்பியிருந்த ஹீத், எஃகில் மாங்கனீசு சேர்த்து அதை உறுதியாக்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு எஃகுத் தொழிலை மாற்றிய கண்டுபிடிப்பு அது. அவருக்குக் கிடைத்தது வழக்குகள் மட்டும். அவை முடியுமுன் 1851இல் இறந்தார்.

கப்பல்கள் பெரிதாகின, ரயில் வந்தது, மணல் மூடும் முகத்துவாரத்துக்குச் சரக்கு வரவேண்டிய தேவை போயிற்று. ஆனால் வணிகருக்குத் தொல்லையாக இருந்த அதே முகத்துவாரம் விஞ்ஞானிகளுக்குப் பெரும் பேறாயிற்று. பேராசிரியர் ஆர்.வி. சேஷையாவின் முயற்சியில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இங்கே கடல் உயிரியல் ஆய்வைத் தொடங்கியது. 1961இல் அது தனித் துறையாயிற்று. சில கிலோமீட்டர் நடந்தால் கடல்நீர், கலப்புநீர், நன்னீர் மூன்றும். சேறு, மணல், சதுப்புக்காடு மூன்றும். ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளம் வந்து உப்பைக் கழுவிவிட, மீண்டும் மெல்ல உப்பேறுவதை மாதந்தோறும் அளக்கலாம். இந்தியாவில் மிக நெருக்கமாக ஆராயப்பட்ட கழிமுகங்களில் வெள்ளாறும் ஒன்று.

கழியின் தென்பகுதியில் இருப்பது பிச்சாவரம். 1,100 ஹெக்டேர் அளவுக்குத் தீவுத்தீவாகக் கிடக்கும் சதுப்புக்காடு. வாய்க்கால் ஓரங்களில் தாங்குவேர் ஊன்றிய சுரபுன்னை, உள்ளே வெண்கண்டல், இடையிடையே தில்லை. சிதம்பரம் கோயிலின் தல மரமான தில்லை, நகருக்குள் காடாக இல்லை; காடாகப் பார்க்க இங்கே வர வேண்டும். சுரபுன்னையின் இரண்டு இனங்கள் இயற்கையாகக் கலந்து உருவான ஒரு கலப்பினத்தைப் பேராசிரியர் க. கதிரேசன் இங்கே கண்டறிந்து 1995இல் ‘ரைசோபோரா அண்ணாமலையானா’ என்று பல்கலைக்கழகத்தின் பெயரால் அறிவித்தார்.

இந்தக் காடு ஒருமுறை சாகும் நிலைக்குப் போய்த் திரும்பிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி 1970கள் வரை பகுதி பகுதியாக மொட்டையடிக்கும் முறையில் இங்கே மரம் வெட்டினார்கள். வெட்டிய இடம் தானாக முளைத்துவிடும் என்பது கணக்கு. முளைக்கவில்லை. ஆடு மாடு மேய்ச்சலால் என்றார்கள், விறகு வெட்டும் ஏழைகளால் என்றார்கள். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990களில் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது வேறு காரணம் தெரிந்தது. மரம் போனதும் வெயில் நேரே சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி நிலம் நடுவில் தாழ்ந்து தொட்டிபோல் ஆயிற்று. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பில் உமரிச்செடி மட்டுமே தாக்குப்பிடித்தது. மேலே ஆற்றுநீர் அணைகளிலும் பாசனத்திலும் தங்கிவிட்டதால் உப்பைக் கழுவ நன்னீரும் போதவில்லை.

நோய் தெரிந்ததும் மருந்து எளிதாயிற்று. ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபுறமும் சாய்வாகப் பிரியும் சிறு வாய்க்கால்கள் என்று மீன்முள் வடிவில் வெட்டினார்கள். தேங்கிய உப்புநீர் வெளியேறிற்று. ஒவ்வொரு ஏற்றமும் புதுநீரைக் கொண்டுவந்தது. உப்பு குறைந்த இடத்தில் வெண்கண்டல் கன்றுகளை நட்டார்கள். வனத்துறையும் கிராமத்தாரும் கூட்டாகச் செய்த வேலை இது. கழியில் இறங்கி கையால் தடவியே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்களும் அதில் பங்கெடுத்தன. பத்தாண்டுக்குள் செயற்கைக்கோள் படத்திலேயே பச்சை தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளே காட்டை மீட்டார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முகத்துவாரத்தின் மணல்திட்டில் கடலுக்கு நேரே இருந்த எம்.ஜி.ஆர். திட்டு அழிந்தது, எஞ்சியவர்கள் உள்நிலத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். சதுப்புக்காட்டின் பின்னால் இருந்த ஊர்கள் பெரும்பாலும் தப்பின. பரங்கிப்பேட்டைக் கரையின் 18 குடியிருப்புகளை ஆராய்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் காடு உயிர்காத்தது என்று 2005இல் எழுதினார்கள். அதே ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் கடலூர்க் கரையை ஆராய்ந்த இன்னொரு குழுவும் அவ்வாறே சொன்னது. அடுத்த ஆண்டு கெர் முதலிய ஆய்வாளர்கள் அதே 18 ஊர்க் கணக்கை எடுத்து மறுபடி அலசினார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் என்ற இரண்டையும் கணக்கில் கொண்டால், மரங்களின் பங்கு என்று தனியாகச் சொல்ல மிஞ்சுவது மிகச் சிறிது என்பது அவர்கள் முடிவு. காடு தானாகவே தாழ்ந்த அலையுள்ள, கடலிலிருந்து விலகிய இடத்தில்தான் வளர்கிறது. ஊரைக் காத்தது காடா, இடமா என்று பிரிப்பது கடினம்.

இந்த விவாதத்தைக் காட்டுக்கு எதிரானதாகக் காட்டுவோர் உண்டு. நான் அப்படிப் படிக்கவில்லை. தூரமும் உயரமும்தான் காத்தன என்றால், அந்த உயரத்தைத் தருவது எது? கூட்டின் படை ஒளிந்து நடந்த அதே மணல்மேடுகள். கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு சதுப்புக்காட்டையும் மணல்மேட்டையும் ஒரே முதல் வகுப்புப் பாதுகாப்பில்தான் வைத்திருக்கிறது. ஆனால் காட்டுக்கு வனத்துறை இருக்கிறது, படகுச் சவாரி இருக்கிறது, சுற்றுலாப் பயணிகள் இருக்கிறார்கள். மேட்டுக்கு யாரும் இல்லை. வீட்டுமனைக்குச் சமப்படுத்தினாலும் கட்டுமானத்துக்கு லாரியில் ஏற்றினாலும் கேட்க ஆளில்லை. மீன்முள் வாய்க்கால்களும் அப்படியே: சேறு படிந்தால் ஆண்டுதோறும் தூர்வார வேண்டும், அதற்கு நிலையான நிதியும் பொறுப்பும் வேண்டும். பரங்கிப்பேட்டை, கிள்ளை பேரூராட்சிகள் தங்கள் எல்லைக்குள் எஞ்சியுள்ள மணல்மேடுகளையும் வாய்க்கால்களையும் புல எண் வாரியாக வரைபடமாக்கி அலுவலகச் சுவரில் மாட்டட்டும். அளவெடுக்கத் தெரிந்தவர்கள் ஆற்றங்கரை ஆய்வு மையத்திலேயே இருக்கிறார்கள்.