பழைய ஜீப்புக்கு எரிபொருள் தாங்கி: குறைந்த செலவில் என்ன வழி?

மாரி பிறந்தால் ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் அப்பால் உள்ள உட்கிராமங்களுக்குப் போய்வர இன்னும் பழைய லாண்ட் றோவரையும் ஜீப்பையும் நம்பியிருப்போர் நம்மிடையே உண்டு. இத்தகைய வண்டிகளில் இயந்திரம் நாற்பது ஐம்பது வருடம் உழைக்கும். இடையில் கைவிடுவது எரிபொருள் தாங்கியாகும்.

எங்கள் லாண்ட் றோவரும் இதற்கு விலக்கல்ல. ஒருநாள் காலை ஓட்டுநர் ஆசனத்திற்கு நேர் கீழே மணலில் கையகல ஈரமும் பெற்றோல் மணமும் இருந்தன. துளையைத் தேடிப்பிடித்து, உடுப்புத் தோய்க்கும் சவர்க்காரத்தை அழுத்தித் தேய்த்து அடைத்தோம். சவர்க்காரம் பெற்றோலில் கரையாது. ஆகவே ஊசித்துளை அடைபடும். ஆனால் தண்ணீரில் கரையும் அல்லவா? வெள்ளம் பாயும் பாதையொன்றைக் கடந்ததும் மறுபடி ஒழுகத் தொடங்கிற்று. கராஜ்கார அண்ணை குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஃபாதர், இது சவர்க்காரத்தால தீராது. வேற தாங்கி பாருங்கோ."

வேறு தாங்கி எங்கே பார்ப்பது? 1948இல் தொடங்கி 1985 வரை உற்பத்தியான அந்த வகை லாண்ட் றோவர்களுக்குப் பிரித்தானியாவில் இன்றும் புதிய தாங்கிகள் கிடைக்கின்றன. ஆனால் தாங்கி என்பது வெறும் பெட்டி. பாரம் குறைவு, இடம் அதிகம். அனுப்பும் கூலி அந்த இடத்தைப் பார்த்தே கணிக்கப்படும். 2022இல் நம் ரூபாய் வீழ்ந்தபின் அந்தக் கணக்கு நமக்கு எட்டாததாயிற்று. போதாததற்கு 2020 மார்ச்சிலிருந்து 2025 பெப்ரவரி வரை தனியார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தபடியால், பழைய வண்டியை விற்றுவிட்டு வேறொன்றை வாங்குவதும் இலேசாக இருக்கவில்லை.

வன்னி மக்களுக்கு இந்தச் சிக்கல் புதிதன்று. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டதும் எரிபொருள் தடை வந்தது. அந்த வருடங்களில் மொறிஸ் மைனர், ஏ40 கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. எனவே இயந்திரம் சூடாகும்வரை சிறிது பெற்றோல் வேண்டும். பெரிய தாங்கியில் மண்ணெண்ணெய், கார்பரேற்றருக்கு அருகில் சிறு போத்தலில் பெற்றோல் என ஒரு வண்டிக்கு இரண்டு தாங்கிகள் ஆயின. பழைய பேர்குசன் உழவு இயந்திரங்களில் ஒருவகை, தொழிற்சாலையிலேயே இவ்வாறு இரட்டைத் தாங்கியுடன் செய்யப்பட்டது. எரிபொருளைக் கசியாமல் வைத்திருந்து, சீராகக் கொடுத்து, காற்றை உள்ளே விடும் எதுவும் தாங்கியாகும் என்பதை அன்று நாம் தேவையின் நிமித்தம் கற்றுக்கொண்டோம். அதற்காக இன்று பிளாஸ்ரிக் கானை ஆசனத்தின் பின்னால் கட்டி ஓடுவதை நான் ஆதரிக்கமாட்டேன். அன்று வேறு வழி இருக்கவில்லை; இன்று இருக்கிறது.

முதலில் பழைய தாங்கியைக் கழற்றி ஆராயவேண்டும். 88 அங்குல லாண்ட் றோவரில் அது வலப்பக்க ஆசனத்தின் கீழ் இருக்கும். கொள்ளளவு 10 கலன், அதாவது ஏறக்குறைய 45 லீற்றர். தாங்கிக்கும் சட்டத்திற்கும் இடையில் சேறு தங்கி வெளியே துருவேற்றும். உள்ளே, குறைவாக நிரப்பிய தாங்கியில் ஈரக்காற்று குளிர்ந்து நீராகி அடியில் தங்கும். திருப்புளியின் பிடியால் அடித்தகட்டை மெல்லத் தட்டுங்கள். தகடு உறுதியாக இருந்து பொருத்தில் மட்டும் கசிவானால், தாங்கிக்கென விற்கும் இருகூட்டுப் பசை சில வருடம் தாங்கும். தட்டிய இடம் அமிழ்ந்தால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை.

பழைய பாகமாகத் தேடுவோர் கொழும்பு பஞ்சிகாவத்தைக்குப் போகலாம். போகும்போது பழைய தாங்கியின் அளவுகளையும் குழாய்கள் அமைந்த இடங்களையும் வரைந்து கொண்டுபோங்கள். டீசல் வண்டியின் தாங்கியில் மீதி எண்ணெய் திரும்பி வர இன்னொரு குழாய் உண்டு. பெற்றோல் தாங்கியில் அது இராது. நீண்ட ஸ்ரேசன் வாகன் வகையில் தாங்கி பின்புறம் இருக்கும். அது குட்டை வண்டிக்குப் பொருந்தாது. 2009க்குப் பின் முள்ளிவாய்க்கால் பக்கம் குவிந்து துருப்பிடித்த வாகனங்களிலிருந்து பல பாகங்கள் பழைய இரும்பாகப் போயின. அப்படிக் கைமாறி வந்த தாங்கியென்றால் வெயிலுக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். சிறு சன்னம் பட்ட துளையும் தெரியும்.

என் அனுபவத்தில் மலிவானதும் நம்பத்தக்கதும் உள்ளூர் வெல்டிங் கடையில் புதிதாகச் செய்விப்பதே. அளவைப் பழைய தாங்கியில் எடுக்காமல் அது அமரும் இடத்தில் எடுங்கள், பழையது ஊதியிருக்கக்கூடும். 75 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 20 உயரம் என்றால் 45 லீற்றர் கொள்ளும். 1.2 முதல் 1.6 மில்லிமீற்றர்த் தடிப்புள்ள சாதாரண உருக்குத் தகடு போதும். கடைக்காரர் நாகம் பூசிய தகரத்தைக் காட்டி "இது துருவேறாது" என்பார். டீசல் வண்டிக்கு அதை ஏற்கவேண்டாம். நாகம் டீசலுடன் சேர்ந்து சவர்க்காரம் போன்ற பசையாகி வடிகட்டியை அடைத்துவிடும். அத்துடன், நாகத் தகட்டை வெல்ட் செய்யும்போது எழும் வெண்புகை, செய்பவருக்குக் காய்ச்சலைக் கொடுக்கும்.

45 லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 33 கிலோ. குன்றும் குழியுமான பாதையில் அது அங்குமிங்கும் மோதினால் பொருத்துகள் பிளக்கும். ஆகவே உள்ளே ஒரு தடுப்புத் தகடு வேண்டும். அதன் மூலைகளை வெட்டிவிட்டால் எண்ணெய் மெதுவாகப் பாயும். உறிஞ்சும் குழாய் அடித்தகட்டுக்கு அரை அங்குலம் மேலே முடியட்டும். நீரும் துருவும் கீழே தங்கும். அவற்றை வடிக்க அடியில் ஒரு புரியாணி வைப்பியுங்கள். காற்றுக் குழாயை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சில மைல் ஓடியதும் உள்ளே வெற்றிடமாகி வண்டி நின்றுவிடும். நீங்கள் கார்பரேற்றரைக் கழற்றி வீணே நாளைப் போக்குவீர்கள்.

புதிதாகச் செய்விப்பதை நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. புதுத் தகடு எரிபொருளைக் கண்டதில்லை. பழைய தாங்கியோ காலியாக இருக்கும்போதுதான் மிகவும் ஆபத்தானது. பெற்றோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு பாரமானது. மூடியைத் திறந்து வெயிலில் வைத்தாலும் அடியில் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கலந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். "இது டீசல், ஒன்றும் செய்யாது" என்ற பேச்சையும் கேட்டிருக்கிறேன். வெல்டிங் சூட்டில் தகட்டில் படிந்த டீசலும் ஆவியாகும். ஆகவே பழையதை வெல்ட் செய்யவும் வேண்டாம், வாய்க்குழாயை எடுப்பதற்காகக் கிரைண்டரால் வெட்டவும் வேண்டாம். எண்ணெய் மானியின் மிதவையைப்போல ஆணி கழற்றி எடுக்கக்கூடியதை மாத்திரம் எடுங்கள். வாய்க்குழாயைப் புதுக் குழாயில் செய்வது சிறிய வேலைதான்.

செய்த தாங்கியைச் சோதிக்க எல்லா வாய்களையும் அடைத்து, சைக்கிள் பம்பால் பத்துத் தடவை காற்றடித்து, பொருத்துகளில் சவர்க்கார நுரை பூசுங்கள். குமிழி எழும் இடம் கசிவு. ரயருக்குக் காற்றடிக்கும் கொம்பிரசரைப் பூட்டினால் பக்கங்கள் ஊதிப் பிளந்துவிடும். பின்னர் உள்ளே உள்ள இரும்புத் துகள்களைக் கழுவி நன்றாகக் காயவிட்டு, வெளியே வர்ணம் பூசி, அடியில் றப்பர் துண்டு வைத்துப் பூட்டவேண்டும். றப்பர் மின்னைத் தடுக்குமாதலால் தாங்கியிலிருந்து சட்டத்திற்கு ஒரு கம்பி இணையுங்கள். இன்றேல் மானி வேலை செய்யாது, எண்ணெய் அடிக்கும்போது பொறியும் எழலாம். முதல் நாள் ஐந்து லீற்றர் மட்டும் விட்டு, கீழே கடதாசி மட்டையொன்றை விரித்து இரவு முழுவதும் விடுங்கள். எங்கள் வண்டியின் கீழ் வைத்த மட்டையில் காலையில் ஒரு சொட்டு இருந்தது. அது தாங்கியிலிருந்தல்ல, குழாயின் பழைய வாசரிலிருந்து.