முதலில் குடோனா, டெலிபோனா?

கடைக்குள் கணினி – 14

கணக்கெழுதும் மென்பொருளைப் பற்றி இரண்டு வாரமாகப் பேசினோம். வடசென்னையில் டேலி இல்லாத ஆபீஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதற்கு அடுத்த படியில்தான் முதலாளிகள் திகைத்து நிற்கிறார்கள். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்து, "சி.ஆர்.எம். போடுங்க சார், ஒரு கஸ்டமர்கூட கைவிட்டுப் போக மாட்டாங்க" என்கிறார். மறுவாரம் இன்னொருவர் வந்து, "முதல்ல ஈ.ஆர்.பி. போடுங்க, சரக்கு எங்க இருக்குன்னே தெரியாம கஸ்டமர்கிட்ட என்னத்தச் சொல்வீங்க?" என்கிறார். இரண்டு பேச்சும் நியாயமாகவே படுகிறது. கையிலிருக்கும் பணமோ ஒன்றுக்குத்தான் காணும்.

சி.ஆர்.எம். என்பது வாங்குகிறவரைப் பற்றிய பதிவேடு. யார் விசாரித்தார், என்ன விலை சொன்னோம், எப்போது திரும்பக் கூப்பிட வேண்டும், என்ன புகார் என்பதெல்லாம் அதில் இருக்கும். ஈ.ஆர்.பி. வேலையைப் பற்றிய பதிவேடு. என்ன சரக்கு உள்ளே வந்தது, எந்த மெஷினில் ஓடுகிறது, எந்த லாரியில் ஏறியது, இருப்பு எவ்வளவு என்பதை அது சொல்லும். இரண்டுமே சென்னைக்குப் பழகியவைதான். ராம்கோ நிறுவனம் 'மார்ஷல்' என்ற ஈ.ஆர்.பி.யை 1990களிலேயே இங்கிருந்து விற்றது. 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய சோஹோ, 2005-ல் தன் சி.ஆர்.எம்.மைக் கொண்டுவந்தது. 2010-ல் வாடிக்கையாளர் புகாரைக் கையாளும் மென்பொருளோடு கிளம்பிய ஃப்ரெஷ்டெஸ்க், ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆக வளர்ந்து 2021-ல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச் சந்தையில் ஏறியது. ஆக, சரக்குக்குப் பஞ்சமில்லை. எதை முதலில் வாங்குவது என்பதுதான் சிக்கல்.

இதற்கு நான் காட்டும் பாடம் பேசின் பிரிட்ஜில் இருக்கிறது. சென்ட்ரலில் பயணிகளை இறக்கிவிட்ட ரயில்கள் பல, காலிப் பெட்டிகளோடு இங்குள்ள பராமரிப்பு மையத்துக்குத்தான் வருகின்றன. தண்டவாளத்துக்கு நடுவே நீளமாகப் பள்ளம் வெட்டியிருக்கும். பிட் லைன் என்பார்கள். ஊழியர்கள் அதில் இறங்கி, தலைக்கு மேலே நிற்கும் பெட்டியின் சக்கரத்தையும் ஸ்பிரிங்கையும் பிரேக்கையும் அண்ணாந்து பார்த்துச் சோதிக்கிறார்கள். மேலே பெட்டிகளைக் கழுவி, குழாய் செருகித் தண்ணீர் ஏற்றுகிறார்கள். அங்கேயே சரிசெய்ய முடியாத கோளாறு என்றால் அந்தப் பெட்டிக்கு 'சிக்' என்று குறித்து, கழற்றி, சிக் லைனுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பயணியின் கண்ணில் இதில் எதுவும் படாது. அவருக்குத் தெரிந்த ரயில்வே, டிக்கெட் கவுன்டரும் மொபைலும்தான்.

அந்த டிக்கெட் பக்கம் கணினி சீக்கிரமே வந்துவிட்டது. 1986-ல் டெல்லியில் முன்பதிவு கணினிமயமானது. 1999-ல் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைந்தன. 2002-ல் வீட்டிலிருந்தே டிக்கெட் எடுக்கலாம் என்றானது. சரக்கு ரயில்களைக் கணினியில் கண்காணிக்கும் பொறுப்போடு 'கிரிஸ்' என்ற அமைப்பை ரயில்வே உருவாக்கியதும் அதே 1986-ல்தான். ஆனால் சரக்கு வேகன் எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் பார்க்கும் நாள் வர, டிக்கெட்டைவிட வெகுகாலம் பிடித்தது.

இதை வைத்து, "பார்த்தீர்களா, ரயில்வேயே வாடிக்கையாளர் பக்கத்தில்தான் தொடங்கியது" என்று சிலர் சொல்லக்கூடும். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். முன்பதிவுக் கணினியின் அடித்தளத்தில் இருப்பது ஒரு இருப்புக் கணக்கு. பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 படுக்கை. எந்த ஊர்க் கவுன்டரில் விற்றாலும் அந்த 72-ல் ஒன்று அந்த நொடியே குறையும். இடமில்லை என்றால் இல்லை என்று உடனே சொல்லிவிடும். வாடிக்கையாளரிடம் கொடுக்கும் வாக்கு, இருப்பிலிருந்து நேராக வருகிறது. கோடிக்கணக்கானவர்கள் அந்தச் சீட்டை நம்பிப் பெட்டி படுக்கையோடு கிளம்புவது அதனால்தான்.

புகார் பக்கத்தைப் பாருங்கள். ரயில்வேயின் 'ரயில் மதத்' செயலியில் பயணி தன் பத்து இலக்க பி.என்.ஆர். எண்ணைக் கொடுத்தால் போதும். எந்த ரயில், எந்தப் பெட்டி என்பது தெரிந்து, புகார் உரியவர்களுக்குப் போகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் செயலி தண்ணீர் ஏற்றாது. கழிவறைக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகாருக்கு விடை, ரயில் புறப்பட்ட இடத்துப் பராமரிப்பு மையத்திலோ வழியில் தண்ணீர் நிரப்பும் நிலையத்திலோ இருக்கிறது. அங்கே பெட்டி வாரியாகப் பராமரிப்புப் பதிவு ஒழுங்காக இருந்தால்தான் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியும். இல்லாவிட்டால் புகாருக்கு "பெற்றுக்கொண்டோம்" என்ற குறுஞ்செய்தி மட்டும் விரைவாகப் போகும்.

இனி நம் கடைக்கு வருவோம். வால்டாக்ஸ் சாலையில் லாரி பார்சல் ஆபீஸ் நடத்துகிறவருக்குக் காலையிலிருந்து அடிக்கும் போன்களில் பாதி ஒரே கேள்விதான்: "அண்ணே, நம்ம பார்சல் வந்துடுச்சா?" அவர் குடோனுக்குக் கூப்பிடுகிறார். அங்கே இருப்பவர் எல்.ஆர். (லாரி ரசீது) கட்டைப் புரட்டுகிறார், "பாத்துட்டுச் சொல்றேண்ணே" என்கிறார். இவருக்கு சி.ஆர்.எம். வாங்கிக் கொடுத்தால் என்ன ஆகும்? யார் யார் கோபமாகப் பேசினார்கள் என்ற பட்டியல் அழகாகச் சேரும். பார்சல் எந்த லாரியில் ஏறியது, எந்த ஊர் குடோனில் இறங்கியது என்ற பதிவுதான் அவருக்கு முதல் தேவை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு மாநிலம் தாண்டினால் 2018 ஏப்ரலிலிருந்து இ-வே பில் கட்டாயம் என்பதால், அந்த விவரத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே கணினிக்கு வந்துவிட்டது. அங்கிருந்து பிடித்துக்கொண்டு மேலே போகலாம்.

திருவொற்றியூரில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருப்பவரின் கதை வேறு. மணலி சுத்திகரிப்பு ஆலையிலோ வடசென்னை அனல்மின் நிலையத்திலோ ஷட்டவுன் வேலை வரும்போது கொட்டேஷன் கொடுப்பார். பட்டறையில் என்ன வேலை ஓடுகிறது என்று அவருக்குக் கண்ணாலேயே தெரியும். நான்கு வெல்டர்களும் ஒரு ரோலிங் மெஷினும்தானே! ஆனால் மூன்று மாதத்துக்கு முன் கொடுத்த கொட்டேஷன் என்ன ஆனது, அந்த பர்ச்சேஸ் ஆபீசர் எப்போது கூப்பிடச் சொன்னார் என்பது டைரியின் ஏதோ ஒரு பக்கத்தில் புதைந்து கிடக்கும். இவர் சி.ஆர்.எம். வாங்கட்டும். நான் தடுக்க மாட்டேன். ஆனால் நம் வாசகர்களில் பெரும்பாலோர் பார்சல் ஆபீஸ்காரரின் நிலையில் இருப்பவர்கள். சரக்கைக் கையில் தொட்டு விற்கிறவர்கள் குடோனைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டையும் சேர்த்தே போட்டுவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லேட் நிறுவனம் 1999-ல் அதைத்தான் செய்தது. எஸ்.ஏ.பி.யின் ஈ.ஆர்.பி., சீபெலின் சி.ஆர்.எம்., சரக்கு விநியோகத்துக்கு இன்னொன்று என மூன்றையும், விற்பனை சூடு பிடிக்கும் பருவத்தில் ஒன்றாக இயக்கியது. செலவு 11 கோடி டாலருக்கு மேல். ஹாலோவீன் பண்டிகை வந்தது. கிடங்கில் மிட்டாய் இருந்தது, கடைக்காரர்களின் ஆர்டரும் இருந்தது. ஒன்றை இன்னொன்றோடு சேர்க்க முடியாமல் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்கள் முடங்கின. அவ்வளவு பெரிய கம்பெனியே தடுமாறிய இடத்தில், தீபாவளிக்கு முந்தைய மாதம் நாம் கை வைக்க வேண்டாம்.

எதை வாங்கினாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ரயில்வேயில் ஒவ்வொரு சரக்கு வேகனுக்கும் 11 இலக்க எண் உண்டு. அந்த எண்ணை வேறு எந்த வேகனும் சுமக்காது. நம் குடோனிலோ ஒரே பார்ட்டி மூன்று பெயரில் இருக்கிறார். ஒரே போல்ட் "அரை இஞ்ச்" என்றும் "1/2 இஞ்ச்" என்றும் இரண்டு வரியில் இருக்கிறது. இதைத் திருத்தாமல் மென்பொருளில் ஏற்றினால் பழைய குழப்பம் கலர் திரையில் தெரியும், அவ்வளவுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, ஆட்களோடு உட்கார்ந்து பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள்.

விற்க வருபவரிடம் மாதக் கட்டணம் ஆளுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஐந்து பேருக்குச் சொல்லும் விலை பன்னிரண்டு பேருக்கு எங்கே போகும் என்று அங்கேயே பெருக்கிப் பாருங்கள். டேலியோடு இணையுமா, நாளை விலகினால் நம் விவரம் மொத்தத்தையும் எக்செல் ஃபைலாகத் தருவார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள். டெமோவை ஏ.சி. அறையில் பார்க்காதீர்கள். சாயங்காலம் லோடு ஏறும் நேரத்துக்கு அவரைக் குடோனுக்கு வரச் சொல்லி, போனை உங்கள் லோடிங் கிளார்க் கையில் கொடுக்கச் சொல்லுங்கள். தமிழில் படித்து, யாரையும் கேட்காமல், லாரி கிளம்புவதற்குள் அவரால் பத்து எல்.ஆர். பதிய முடிகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள்.

(தொடரும்)