கரன்ட் போனால் ஹாலில் வெள்ளம்... மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க!

நள்ளிரவில் கரன்ட் போகிறது. புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறோம். காலையில் எழுந்து பார்த்தால் ஹால் முழுக்கத் தண்ணீர். மீன் தொட்டியில் நீர்மட்டம் இறங்கியிருக்கிறது. ஆனால், கண்ணாடியில் விரிசல் இல்லை, ஒழுகலும் இல்லை.

சம்ப் வைத்த மீன் தொட்டிகளில் நடக்கிற விபத்து இது. சம்ப் என்றதும் வீட்டு வாசலில் மண்ணுக்கடியில் இருக்கும் தொட்டியை நினைக்க வேண்டாம். இது மீன் தொட்டிக்குக் கீழே, ஸ்டாண்டுக்குள் வைக்கிற இரண்டாவது கண்ணாடித் தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகத் தானே கீழே இறங்கி ஃபில்டரில் சுத்தமாகும். சம்ப்பின் கடைசி அறையில் உள்ள மோட்டார் அதை மறுபடி மேலே அனுப்பும்.

மோட்டார் நின்றதும் சிக்கல் ஆரம்பிக்கிறது. ட்யூபை வாயால் இழுத்துவிட்டால் பைக்கிலிருந்து பெட்ரோல் தானாகக் கொட்டுமே, அதே கதைதான். மேலே அனுப்பும் குழாயின் வாய் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால், அது வெளியே தெரியும்வரை தண்ணீர் தலைகீழாகக் கீழே பாயும். 120 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலமுள்ள தொட்டியில் 1 செ.மீ. உயரத் தண்ணீர் 5.4 லிட்டர். குழாய் வாய் 10 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 54 லிட்டர் இறங்கும். நாலைந்து குடம்! சம்ப்பில் அவ்வளவு இடம் இல்லையென்றால் மிச்சமெல்லாம் தரைக்குத்தான்.

என்ன செய்யலாம்? குழாயின் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, 2 செ.மீ. ஆழத்தில் வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டி அந்தக் குழாயில் சிறு துளையும் போடலாம். மட்டம் இறங்கியதும் துளை வழியாகக் காற்று புகுந்து, பாய்ச்சல் அறுந்துவிடும். பாசி அடைக்கும் என்பதால் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் குத்திவிடுங்கள். ‘நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கிறேனே’ என்பவர்களுக்கு: அதில் ஒரு குட்டி நத்தை சிக்கினாலே மூடாது. அதை மட்டும் நம்பாதீர்கள்.

இதற்கு நேரெதிரான ஆபத்தும் உண்டு. இறங்கும் குழாயை இலையோ மீனோ அடைத்துவிட்டால், மோட்டார் ஏற்றிக்கொண்டே இருக்கும். மேல் தொட்டி வழியும். அதனால் இறங்குவதற்கு இரண்டு குழாய்கள் அவசியம். இரண்டாவதன் வாய் சற்று உயரத்தில், சாதாரணமாக வறண்டே இருக்க வேண்டும். அதில் வால்வு கூடாது. தவிர, மோட்டார் அறையில் உள்ள தண்ணீர் முழுவதும் மேலே போனாலும் தொட்டி தாங்குகிறதா என்று பாருங்கள். துளை போடச் சொல்லும் முன், அது டெம்பர்டு கண்ணாடியா என்று கேட்டுவிடுங்கள். டெம்பர்டு என்றால் துளையிடும்போதே நொறுங்கிவிடும்.

மீன் விடுவதற்கு முன்பே ஒரு சோதனை. மோட்டாரை ஓடவிட்டு, ஸ்விட்சை அணையுங்கள். கீழே இறங்கும் தண்ணீர் நின்றதும், சம்ப்பின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே மட்டம் இருக்கும்படி தண்ணீரைக் கூட்டியோ குறைத்தோ வையுங்கள். மறுபடி மோட்டாரைப் போட்டு ஓட்டம் சீரானதும், மோட்டார் அறையில் நிற்கும் மட்டத்தில் மார்க்கரால் கோடு போடுங்கள். அதற்கு மேல் ஒரு சொம்பு கூட வேண்டாம்.

பிளக் பாயின்ட்டை சம்ப்புக்கு அருகே, தரையோடு வைப்பது பெரிய தப்பு. உயரமாக வையுங்கள். வயர் ஒருமுறை கீழே தொங்கி வளைந்து பிளக்குக்கு ஏறட்டும். வழியும் துளி அந்த வளைவிலேயே சொட்டிவிடும். அந்த லைனில் ஆர்.சி.சி.பி. கட்டாயம். தொட்டிக்குள் கை விடும் முன் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

கோடை வந்தால் மோட்டார் அறையில் தண்ணீர் வேகமாக வற்றும். ‘அடடா, குறைந்திருக்கிறதே’ என்று வீட்டில் யாராவது பாசத்தோடு ஒரு குடம் ஊற்றிவிடுவார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கரன்ட் போகும். கோட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்: ‘இதற்கு மேல் ஊற்றாதீர்கள்!’