ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு: கப்பலூர் கேட்கும் நியாயம்

திருப்பரங்குன்றத்திலிருந்து திருமங்கலத்துக்குக் காரில் கிளம்பினால், தோப்பூர் தாண்டியதும் கப்பலூர் சுங்கச்சாவடி. கண்ணாடியில் ஒட்டிய பாஸ்டேக்கைக் கருவி படித்து முடிப்பதற்குள் பணம் பிடித்தாயிற்று என்று கைபேசியில் குறுஞ்செய்தி வந்துவிடும். அடுத்த சாவடியான எட்டூர்வட்டம் வரை ஓடுகிறவருக்கும், சில நிமிடத்தில் திருமங்கலத்தில் வண்டியை நிறுத்துகிறவருக்கும் அங்கே ஒரே கட்டணம்தான். நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் சாவடி அமைக்கக் கூடாது என்பது 2008-ஆம் ஆண்டு சுங்கக் கட்டண விதியின் பொது நெறி. அந்த விதிப்படி சாவடியை அகற்றக் கேட்டுத்தான் திருமங்கலத்துக்காரர்கள் மறியலும் கடையடைப்பும் நடத்தினார்கள்.

சாவடியை விடுங்கள், பெட்ரோல் பங்க்கிலும் சாலைக்குக் கொடுக்கிறோம். மத்திய அரசின் வரிக்குள் சாலை செஸ் இருக்கிறது. தமிழக அரசின் வாட் வரி, பெட்ரோலுக்கு 13 சதவீதமும் லிட்டருக்கு 11.52 ரூபாயும். மின்சார வண்டி ஓட்டுகிறவர் இதில் ஒரு பைசாவும் கட்டுவதில்லை. சாலை தேய்வது மட்டும் ஒன்றுதான். மின் வண்டிகள் பெருகப் பெருக, லிட்டரை நம்பிய வருமானம் இறங்கும்.

நியூசிலாந்து இதற்கு எப்போதோ வழி கண்டது. அங்கே டீசல் வண்டிக்காரர்கள் பல ஆண்டுகளாக 1,000 கிலோமீட்டர் கணக்கில் முன்பணம் கட்டி ஓட்டுகிறார்கள். 2024 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கும் அதே முறை. கனரக வண்டிக்கு எடைக்கேற்பக் கட்டணம் ஏறும். அதுதான் சரி. சாலையைப் பிளப்பது லாரியின் அச்சுப் பளு, கார் அல்ல.

இந்தியாவும் 2024 செப்டம்பரில் விதியைத் திருத்தியது. செயற்கைக்கோள் கருவி பொருத்திய வண்டி, ஒரு நாளில் ஒரு திசையில் 20 கிலோமீட்டர் வரை இலவசமாக ஓடலாம். அதற்கு மேல் ஓடிய தூரத்துக்குக் கட்டணம். கப்பலூர்ச் சிக்கலுக்கென்றே எழுதியது போன்ற விதி! ஆனால் 2025 மே முதல் நாடெங்கும் இது வருகிறது என்ற பேச்சை அமைச்சகமே மறுத்துவிட்டது. இனி கொண்டுவந்தால், பெட்ரோல் செஸ்ஸைக் குறைத்துவிட்டுக் கொண்டுவர வேண்டும். ஒரே சாலைக்கு இரண்டு முறை வாங்கக் கூடாது. வண்டி போன தடத்தை யார், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்பதையும் சட்டத்திலேயே எழுத வேண்டும்.

இப்போதைக்குக் கிடைத்தது 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த ஆண்டு பாஸ்: அறிமுகமானபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை. தினமும் போய்வருகிறவருக்கு அது 100 நாளில் தீர்ந்துவிடும். காய்கறி ஏற்றி ஓடும் குட்டியானைக்கோ அந்தப் பாஸும் கிடையாது.